பாடசாலை உதைபந்தாட்டத்தின் தேசியத் தரவரிசை: யாரை அளக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில் களுவாஞ்சிக்குடி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்தால் வருவது பெரியகல்லாறு. கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் இடையே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். மாலை வேளையில் இப்பகுதியின் எந்த ஊருக்குச் சென்றாலும் பந்தின் பின்னால் ஓடும் சிறுவர்களைக் காணலாம். அவர்களுள் ஒருவன், 'எங்கள் பாடசாலை அணி நாட்டில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?' என்று கேட்டால் அவனுக்கு விடை கூறக்கூடியவர் எவரும் இல்லர். பயிற்றுநராலும் கூற இயலாது, அதிபராலும் இயலாது, கொழும்பிலுள்ள அதிகாரிகளாலும் இயலாது. வென்றவர் யார் என்பதை மட்டுமே நம்மால் கூற முடியும். வெல்லாத நூற்றுக்கணக்கான அணிகளுள் யார் எங்கே நிற்கின்றனர் என்பதற்கு நம்மிடம் கணக்கு இல்லை.

இது சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. 'தேசிய மட்டம்' என்ற இரண்டு சொற்கள் ஒரு மாணவனின் சான்றிதழில் இடம்பெறுவதும் இடம்பெறாமற் போவதும் அவனது எதிர்காலத்தைத் தொடும் விடயமாகும். கல்விக்கு அப்பாற்பட்ட துறைகளில் தேசிய, சர்வதேச மட்டங்களில் சிறந்து விளங்கிய மாணவருக்கெனப் பல்கலைக்கழக அனுமதியில் சிறியதொரு விசேட ஒதுக்கீடு உண்டு. வேலைவாய்ப்புக்கான நேர்முகப் பரீட்சைகளிலும் விளையாட்டுச் சான்றிதழ்கள் கணக்கில் எடுக்கப்படுகின்றன. தேசிய இளையோர் அணிக்கு வீரர்களைத் தேடுவோரின் பார்வையும் இறுதிச் சுற்றுகளில் ஆடும் அணிகள் மீதே முதலில் விழுகிறது. ஆகவே, பாடசாலை அணிகள் எவ்வாறு வரிசைப்படுத்தப்படுகின்றன என்பதை விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் உரிய விடயமாகக் கருத முடியாது. வாய்ப்புகள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்ற பெரிய கேள்வியின் ஒரு கூறு அது.

முதலில் நமது நாட்டின் நடைமுறையை நோக்குவோம். கல்வி அமைச்சின் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளாயினும், பாடசாலைகள் உதைபந்தாட்டச் சங்கம் வயது வாரியாகவும் பிரிவு வாரியாகவும் நடத்தும் போட்டிகளாயினும், அவற்றின் முடிவில் கிடைப்பது ஒரு கிண்ணமே. அமைச்சின் போட்டிகள் கல்வி வலயத்தில் தொடங்கி மாகாணத்தைக் கடந்து தேசிய மட்டத்தை அடைகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. பட்டிருப்பு வலயத்தைச் சேர்ந்த ஒரு பாடசாலை தன் வலயத்தில் முன்னிலை பெற்று, பின்னர் அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களின் அணிகளையும் எதிர்கொண்ட பின்னரே நாட்டின் ஏனைய எட்டு மாகாணங்களைச் சேர்ந்த அணிகளைக் காண முடியும். மாகாணப் போட்டி திருகோணமலையில் நடைபெற்றால் பெரியகல்லாற்றிலிருந்து நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான பயணம். தேசியப் போட்டி கொழும்பில் என்றால் அது முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். இரவு முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பிள்ளைகள், காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு வந்த பிள்ளைகளுடன் மோத வேண்டியிருக்கிறது.

பயணக் களைப்பை விடுவோம். ஒரு தோல்வியுடன் வெளியேற்றும் விலகல் முறையே நல்ல அளவுகோலா என்று கேட்க வேண்டும். 32 அணிகள் பங்குபற்றும் விலகல் முறைப் போட்டியில் மொத்தம் 31 ஆட்டங்களே நடைபெறுகின்றன. அவற்றுள் முதற் சுற்றுடன் 16 அணிகள் வீடு திரும்புகின்றன. அதாவது, அரைவாசி அணிகளின் தரத்தை ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து நாம் தீர்மானித்துவிடுகிறோம். வென்ற அணியின் நிலையும் பெரிதும் வேறல்ல. எந்த எதிரணியையும் பத்தில் ஏழு தடவை வெல்லக்கூடிய வலிமை மிக்க அணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது தொடர்ச்சியாக ஐந்து சுற்றுகளையும் வென்று கிண்ணத்தைத் தூக்குவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்றுதான். கோல்கள் அரிதாக விழும் உதைபந்தாட்டத்தில் ஒரு தவறான விசில், சேற்றில் நின்றுவிட்ட ஒரு பந்து, சமநிலையின் பின்னரான ஒரு தண்ட உதை ஆகியவற்றால் ஆண்டு முழுவதும் பெற்ற பயிற்சி முடிவுக்கு வந்துவிடலாம். கிண்ணம் மகிழ்ச்சிக்கும் பெருமைக்கும் உரியது. ஆனால் இரண்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கிண்ணத்தால் கூற முடியாது.

கிண்ணம் போதாதெனில் பட்டியல் ஒன்றை வெளியிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். பாடசாலை அணிகளுக்குத் தேசியத் தரவரிசை வெளியிடும் பழக்கம் வேரூன்றிய நாடு அமெரிக்காவாகும். அங்கு உயர்நிலைப் பாடசாலைகளின் விளையாட்டு ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள சங்கத்தினால் நிர்வகிக்கப்படுகிறது. மாநில மட்டத்தில் சம்பியன் உண்டு. நாடு தழுவிய சம்பியன் போட்டி கிடையாது. அதுமட்டுமன்றி, நியூயோர்க்கிலும் நியூஜேர்சியிலும் இலையுதிர் காலத்தில் ஆடப்படும் ஆட்டம், கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் குளிர்காலத்தில் ஆடப்படுகிறது. டெக்சாசில் ஜனவரியில் தொடங்கி இளவேனிலில் முடிவடைகிறது. ஒரு மாநிலத்தின் சம்பியன் இன்னொரு மாநிலத்தின் சம்பியனைக் களத்தில் காண்பதே அரிது. ஆயினும் நாட்டின் முதல் இருபத்தைந்து அணிகள் இவை என்று பட்டியல்கள் வெளியாகின்றன. பயிற்றுநர் சங்கத்தின் பட்டியல் பயிற்றுநர்களின் மதிப்பீட்டால் உருவாகிறது. பத்திரிகைகளின் பட்டியல் செய்தியாளர்களின் மதிப்பீட்டால் உருவாகிறது. வேறு சில கணினிக் கணக்கால் உருவாகின்றன.

மதிப்பீட்டு முறையில் உள்ள குறை வெளிப்படையானது. வாக்களிப்பவர் தாம் கண்ட அணியையும் கேள்விப்பட்ட அணியையும் மட்டுமே மதிப்பிட முடியும். பழம்பெருமை பெற்ற பாடசாலை இரண்டு ஆட்டங்களில் தோற்றாலும் பட்டியலில் நின்றுவிடுகிறது. பெயர் தெரியாத பாடசாலை இருபது ஆட்டங்களில் வென்றாலும் அது பலவீனமான அணிகளுடன் ஆடியதாகவே கருதப்படுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2007 முதல் 2020 வரை நடத்திய இளையோர் பயிற்சிக் கழகத் திட்டம், 2012 இல் பத்து மாதப் பருவத்தை அறிமுகப்படுத்தித் தனது வீரர்கள் பாடசாலை அணிகளுக்கு ஆடுவதைத் தடுத்தது. இதனால் நாட்டின் சிறந்த இளைஞர்கள் பலர் இல்லாமலேயே அக்காலத்தில் பாடசாலைத் தரவரிசைகள் தயாரிக்கப்பட்டன.

கணினிக் கணக்கு இதைவிட நேர்மையானது. அதற்கு முகதாட்சண்யம் இல்லை. இத்தகைய கணக்குகளுள் புகழ்பெற்றது ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ சதுரங்கத்துக்காக வகுத்த முறையாகும். உலக சதுரங்கச் சம்மேளனம் அதை 1970 இல் ஏற்றுக்கொண்டது. உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபாவும் 2018 ஓகஸ்ட் முதல் இதே அடிப்படையிலேயே நாடுகளை வரிசைப்படுத்துகிறது. இதன் தத்துவம் எளிது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர், இரு அணிகளின் புள்ளி வேறுபாட்டை வைத்து எதிர்பார்க்கப்படும் முடிவு கணிக்கப்படும். எதிர்பார்ப்பை மிஞ்சினால் புள்ளி கூடும், தவறினால் குறையும். உதாரணமாக, 600 புள்ளிகள் முன்னிலையிலுள்ள நாடு உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் பலவீனமான நாட்டை வென்றால் ஏறத்தாழ இரண்டு புள்ளிகளையே பெறும். தோற்றாலோ ஏறத்தாழ 23 புள்ளிகளை இழக்கும். அவை அப்படியே வென்ற சிறிய நாட்டைச் சென்றடையும். பெரியவரை வீழ்த்தும் சிறியவருக்கு இதைவிட நியாயம் வழங்கும் முறை இல்லை எனலாம்.

ஆனால் இக்கணக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஆடுவோர் அனைவரும் ஏதோ ஒரு சங்கிலியால் ஒருவரோடொருவர் இணைந்திருக்க வேண்டும். அச்சங்கிலி அறுந்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கச் சதுரங்க உலகம் 1996 இல் கண்டது. வேர்ஜீனியாவில் சிறைத்தண்டனை அனுபவித்துவந்த குளோட் பிளட்குட் என்பவர், சிறைக்குள்ளேயே சக கைதிகளுடன் ஏராளமான ஆட்டங்களை ஆடினார். மதில்களுக்குள் அடைபட்ட அச்சிறு வட்டத்தில் புள்ளிகள் அவரிடம் குவிந்து 2702 ஐ எட்டின. ஏட்டளவில் அவர் நாட்டின் இரண்டாவது சிறந்த வீரரானார். கூட்டலில் பிழை இருக்கவில்லை. சிறைக்கு வெளியிலுள்ளவர்களோடு ஒப்பிட ஆட்டங்கள் இல்லை என்பதே பிழை.

பீபாவின் அனுபவமும் இதையே கூறுகிறது. 2014 உலகக் கிண்ணத்தை நடத்தும் நாடு என்பதால் தகுதிகாண் போட்டிகளில் ஆடத் தேவையில்லாதிருந்த பிரேசில், நட்பு ஆட்டங்களுக்குக் குறைந்த புள்ளி வழங்கிய அன்றைய முறையால் 2013 ஜூனில் 22 ஆம் இடத்துக்கு இறங்கியது. அதே மாத இறுதியில் கொன்பெடரேசன் கிண்ண இறுதியாட்டத்தில் அது அன்றைய உலகச் சம்பியனான ஸ்பெயினை 3-0 என வீழ்த்தியது. மறுபுறம், புள்ளிச் சராசரியைக் குறைக்கும் நட்பு ஆட்டங்களைத் தவிர்த்துக்கொண்ட போலந்து, 2018 உலகக் கிண்ணக் குழுத் தெரிவில் முதல்நிலை அணிகளுடன் இடம்பிடித்தது. ஆனால் போட்டியில் தன் குழுவின் கடைசி இடத்தையே பெற்றது. ஆட முடியாதவர் கீழே தள்ளப்பட்டார். ஆடாமலிருக்கத் தெரிந்தவர் மேலே ஏறினார். நமது தேசிய அணி அண்மைக் காலத்தில் பீபா வரிசையில் இருநூறாம் இடத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. 2023 ஜனவரியில் விதிக்கப்பட்ட இடைநிறுத்தம் காரணமாக, அவ்வாண்டு ஓகஸ்டில் அது நீக்கப்படும் வரை சர்வதேச ஆட்டங்களே இல்லாதிருந்தது. ஆடாத அணி முன்னேறுவதற்கு எந்தக் கணக்கிலும் வழியில்லை.

வெவ்வேறு சூழல்களில் பெறப்பட்ட புள்ளிகளை ஒரே வரிசையில் நிறுத்துவது எத்தகைய சிக்கல் என்பதை இலங்கை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 1970களின் தரப்படுத்தல் ஏற்படுத்திய காயங்களை நாடு இன்னும் மறக்கவில்லை. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி முறை பயன்படுகிறது. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தின் கீழும் புதிய பாடத்திட்டத்தின் கீழும் தோற்றிய மாணவர்களை ஒரே தொகுதியாகக் கருதி இசட் புள்ளி கணிக்கப்பட்டபோது பெருங்குழப்பம் எழுந்தது. 2012 இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்ய நேர்ந்தது. இரு தொகுதியினரும் ஒரே வினாத்தாளுக்கு விடையளிக்கவில்லை. பொதுவான அளவை இல்லாத இடத்தில் பொதுவான வரிசையைக் கட்டியெழுப்ப முடியாது என்பதே அன்று கிடைத்த பாடம். உதைபந்தாட்டத்தில் அந்தப் பொது வினாத்தாள், அணிகள் ஒன்றையொன்று சந்திக்கும் ஆட்டங்களாகும்.

மட்டக்களப்பு மக்கள் வாவிக்குக் கிழக்கேயுள்ள நிலத்தை எழுவான்கரை என்றும் மேற்கேயுள்ளதைப் படுவான்கரை என்றும் அழைப்பர். பட்டிருப்புப் பாலம் போன்ற சில இணைப்புகளே இரு கரைகளையும் ஒரே மாவட்டமாக உணரவைக்கின்றன. பாடசாலை உதைபந்தாட்டத்தில் கிழக்குக்கும் மேல் மாகாணத்துக்கும், யாழ்ப்பாணத்துக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே அத்தகைய பாலங்கள் மிகக் குறைவு. கொழும்பின் முன்னணிப் பாடசாலைகள் ஆண்டு முழுவதும் தமக்குள் நட்பு ஆட்டங்களையும் அழைப்புக் கிண்ணங்களையும் ஆடுகின்றன. வாவிக்கரைப் பாடசாலை ஒன்று வலயப் போட்டியின் முதற் சுற்றில் தோற்றால் அவ்வாண்டின் போட்டிக் கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது. இந்நிலையில் எவரேனும் கணினியில் தட்டித் தேசியத் தரவரிசை வெளியிட்டால், அது திறமையின் வரிசையாக இராது. போக்குவரத்து வசதியின் வரிசையாகவே இருக்கும்.

இதற்கு மாற்று வழி உண்டா? ஜப்பானின் ஏற்பாடு கவனத்துக்குரியது. அங்கு 1917 இல் தோற்றம்பெற்ற உயர்நிலைப் பாடசாலைகள் உதைபந்தாட்டப் போட்டி இன்று புத்தாண்டுக் காலத்தில் நாட்டையே ஈர்க்கும் விழாவாக நடைபெறுகிறது. 47 ஆட்சிப் பிரிவுகளுக்கும் தலா ஓர் இடமும், தோக்கியோவுக்கு மட்டும் இரண்டு இடங்களும் என 48 அணிகள் ஆடுகின்றன. இதுவும் விலகல் முறைதான். ஆயினும் வீரர்களின் தரத்தை அளக்க ஜப்பான் அந்த விழாவை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஆட்சிப் பிரிவுகளின் லீக், அதற்கு மேல் ஒன்பது பிராந்தியங்களின் லீக், அதற்கும் மேல் 2011 முதல் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்து ஆடப்படும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உயர்நிலை லீக் எனப் படிக்கட்டுப் போன்ற அமைப்பு உள்ளது. பாடசாலை அணிகளும் கழகங்களின் இளையோர் அணிகளும் அதில் ஒன்றாக ஆடுகின்றன. வென்றால் மேலே, தோற்றால் கீழே. எந்த அணி எங்கே நிற்கிறது என்பதை அறியத் தனியாக ஒரு தரவரிசை தேவையில்லை. அது ஆடும் லீக்கே அதன் தரத்தைக் கூறிவிடும். அவர்களுக்கு ஒன்பது பிராந்தியங்கள். நமக்கு ஒன்பது மாகாணங்கள் உள்ளன.

ஜப்பானின் செல்வம் நம்மிடம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் தொடக்கத்துக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு வலயத்தில் ஆறு அணிகள் இருந்தால் விலகல் முறையில் ஐந்து ஆட்டங்கள் நடைபெறும். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் சந்திக்கும் லீக் முறையில் பதினைந்து ஆட்டங்கள் நடைபெறும். மேலதிகமான பத்து ஆட்டங்களும் ஒரு மணிநேரப் பயணத் தொலைவுக்குள்ளேயே நடைபெறக்கூடியவை. ஆனால் இன்று ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்பும் அணிக்கு அப்போது ஐந்து ஆட்டங்கள் உறுதி. அடுத்த படியாக, மாகாண எல்லைகளைக் கடந்த சில ஆட்டங்களை ஆண்டுதோறும் ஒழுங்குசெய்யலாம். மட்டக்களப்புக்குப் பொலன்னறுவையும் அம்பாறைக்குப் பதுளையும் கொழும்பைவிட அண்மையில் இருக்கின்றன. இத்தகைய இணைப்பு ஆட்டங்கள் இருந்தாலே கணக்கிடுவோருக்குச் சங்கிலி கிடைத்துவிடும். வெவ்வேறு மொழி பேசும் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் சந்திப்பதால் விளையும் நன்மையோ எந்தக் கணக்கிலும் அடங்காது.

மூன்றாவதாக, முடிவுகள் பதிவுசெய்யப்பட்டு வெளியிடப்பட வேண்டும். இன்று வலய மட்ட ஆட்டங்களின் முடிவுகள் ஆசிரியர் ஒருவரின் குறிப்பேட்டுடன் மறைந்துபோகின்றன. கையடக்கத் தொலைபேசி உள்ள காலத்தில் திகதி, அணிகள், கோல்கள் ஆகிய மூன்றையும் பொதுப் பதிவேடு ஒன்றில் சேர்ப்பது பெரும்பணி ஆகாது. காலநிலையையும் கருத்திற்கொள்ள வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் கிழக்கின் மைதானங்கள் நீரில் நிற்கும் மாதங்களும், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களும் கொழும்பின் நாட்காட்டியில் தெரிவதில்லை. ஒரே தேசிய அட்டவணையை எல்லா மாகாணங்களுக்கும் திணிக்காமல், வலய லீக்கை எப்போது நடத்துவது என்பதை அந்தந்த மாகாணத்தின் தீர்மானத்துக்கு விட்டுவிடலாம்.

இந்த யோசனைக்கு எழக்கூடிய ஆட்சேபங்கள் அலட்சியப்படுத்தத் தக்கவையல்ல. பரீட்சைச் சுமையின் கீழ் தவிக்கும் மாணவருக்கு மேலும் ஆட்டங்களா என்று பெற்றோர் கேட்பர். கொவிட் பெருந்தொற்றும் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் பரீட்சைக் கால அட்டவணைகளைக் குலைத்துப் பாடசாலை நாட்களைத் தின்றதை அவர்கள் மறந்துவிடவில்லை. விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களோ ஏற்கெனவே தம் கைக்காசைச் செலவிட்டே அணிகளை அழைத்துச் செல்வதாகக் குறைப்படுகின்றனர். ஆகவே லீக் ஆட்டங்கள் வார இறுதியில், அண்மைய மைதானங்களில், போக்குவரத்துச் செலவு முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட நிலையில் நடைபெற வேண்டும். ஆசிரியரின் தோளில் மேலும் ஒரு சுமையாக ஏற்றப்படும் திட்டம் ஓராண்டுகூட நிலைக்காது.

தரவரிசை தரும் தீங்கையும் மறைப்பதற்கில்லை. வரிசை வெளியானவுடன் அதில் உயர இடம் தேடும் வசதி படைத்த பாடசாலைகள், கிராமப்புறத்தின் நல்ல வீரர்களை உயர்தர வகுப்புக்கு அழைத்துக்கொள்ளும். அந்த மாணவனுக்கு அது நன்மையாகலாம். அவனை உருவாக்கிய பாடசாலை மறு ஆண்டே பலமிழந்துவிடும். எனவே, எந்தப் பாடசாலை எத்தனை வீரர்களைத் தானே உருவாக்கியது என்பதும் அப்பதிவேட்டில் தெரிய வேண்டும். மாணவியர் அணிகளுக்கும் இதே ஏற்பாடு உரியது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கை மட்டத்தில் கிண்ணங்களை வென்று காட்டியபோது, யுத்தத்தால் உருக்குலைந்த ஒரு பிரதேசத்தின் பிள்ளைகளால் இது எவ்வாறு முடிந்தது என்று பலர் வியந்தனர். அவர்களின் திறமை திடீரென முளைத்ததல்ல. பயிற்சியும் ஆட்டங்களும் கிடைத்தன. திறமை வெளியே தெரிந்தது. இன்னும் எத்தனை ஊர்களில் அது தெரியாமலே கிடக்கிறது என்பதுதான் நம்மை உறுத்த வேண்டிய கேள்வி.

பெரியகல்லாற்றுச் சிறுவனிடம், 'உன் அணி நாட்டில் நூற்றிருபதாவது' என்று யாராவது கூறினால் அவன் வருந்தமாட்டான். அடுத்த ஆண்டு நூறாவது ஆகலாம் என்று பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவான். இன்று அவனுக்கு அந்த எண்கூட இல்லை. அவனது அணி பலவீனமானது என்று எவரும் நிரூபித்துவிடவில்லை. அதை எவரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவே. கல்வி அமைச்சும் மாகாணக் கல்வித் திணைக்களங்களும் பாடசாலைகள் உதைபந்தாட்டச் சங்கமும் தரவரிசையைப் பற்றிப் பின்னர் யோசிக்கலாம். முதலில் வலயத்துக்கு ஒரு லீக் என்ற சிறிய காரியத்தை எதிர்வரும் கல்வியாண்டிலேனும் தொடங்கட்டும். ஆட்டங்கள் நடைபெற்றால் வரிசை தானாகவே உருவாகும்.